டிரெயின் ஹார்னுக்கு எந்தக் கம்ப்ரஸர்? கணக்கை ஹார்னிலிருந்து தொடங்குங்கள்

டிரக்கில் டிரெயின் ஹார்ன், அதாவது ரயில் எஞ்சின்போல் ஒலிக்கும் காற்று ஹார்ன், மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்ப்ரஸர் நல்லது?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஹார்ன் நொடிக்கு எவ்வளவு காற்று குடிக்கும், ஒரே மூச்சில் எத்தனை நொடி ஒலிக்க வேண்டும், அதற்கு எத்தனை லிட்டர் டேங்க் தேவை, காலியான டேங்க் எவ்வளவு நேரத்தில் திரும்ப நிரம்ப வேண்டும் என்று வரிசையாகப் போனால், கம்ப்ரஸரின் அளவு தானாக வந்து நிற்கும். தலைகீழாகப் போனால் பெரிய கம்ப்ரஸர் வாங்கி, சின்ன டேங்கில் பொருத்தி, மெல்லிய ஹோஸில் ஹார்னுக்குக் காற்று அனுப்பி, "சத்தமே வரவில்லையே" என்று நிற்க வேண்டியிருக்கும்.

ஹார்னை ஊதுவது டேங்கில் அடைத்து வைத்த காற்றுதான். கம்ப்ரஸரின் வேலை அந்த டேங்கை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறக்கும்போது கீழே மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பது நமக்குத் தெரிவதில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, இறங்கி வரும் பைப் எவ்வளவு அகலம் என்பவைதான் தெரியும். மோட்டார் பெரிதாக இருந்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவே.

டேங்கே இல்லாமல், கையளவு கம்ப்ரஸர் நேராக இரண்டு சிறு குழல்களை ஊதும் ஏர் ஹார்ன்களும் கிடைக்கின்றன. அவை வேறு ரகம். இங்கே பேசுவது டேங்கில் அழுத்தம் ஏற்றி வைத்து, வால்வைத் திறந்ததும் மொத்தமாகக் காற்றை விடும் அமைப்பைப் பற்றி மட்டும்.

காற்று போகும் வழி

கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அங்கிருந்து உலோகப் பின்னல் போட்ட ஒரு குட்டை ஹோஸ். அதன் முனையில், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு. அடுத்து டேங்க். டேங்கின் உடம்பில் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்ச், அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயின் காக். டேங்கிலிருந்து பெரிய ஹோஸ் கிளம்பி, மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வுக்குப் போகிறது. அதைத் தாண்டினால் ஹார்ன். ஹார்னுக்குள் ஒவ்வொரு குழலின் பின்னாலும் ஒரு டயாஃப்ரம் தகடு இருக்கிறது. காற்று அதைத் தள்ளித் தப்பிக்கும்போது தகடு அதிர்கிறது. குழல் நீளமாக இருந்தால் தாழ்ந்த சுருதி, குட்டையாக இருந்தால் உயர்ந்த சுருதி. அமெரிக்க ரயில் எஞ்சின்களில் பரவலாக உள்ள நேதன் ஏர்சைம் கே5எல்ஏ ஹார்னில் 5 குழல்கள் சேர்ந்து ஒரு சுரக்கூட்டாக ஒலிக்கின்றன. டிரக்குக்கென்று விற்பவற்றில் பெரும்பாலும் 3 அல்லது 4 குழல்கள்.

சத்தத்தை முடிவு செய்வது, ஊதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த டயாஃப்ரத்தின் முன்னால் நிற்கும் அழுத்தம். கேஜில் 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டலாம். வழியில் எங்காவது குறுகலான ஃபிட்டிங் இருந்தால், பட்டனை அழுத்திய கணத்தில் ஹார்னுக்குப் போய்ச் சேருவது 60, 70 பிஎஸ்ஐ ஆகிவிடும். அமைதியாக இருக்கும்போது டேங்க் கேஜ் இதை ஒருநாளும் காட்டிக் கொடுக்காது.

டேங்க் அளவு: ஒரு எளிய கணக்கு

வளிமண்டல அழுத்தம் கிட்டத்தட்ட 14.7 பிஎஸ்ஐ. மனக்கணக்குக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். டேங்கின் லிட்டரை, ஊதும்போது இறங்க விடும் பிஎஸ்ஐயால் பெருக்கி 15ஆல் வகுத்தால், ஹார்னுக்குக் கிடைக்கும் காற்று எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும்.

20 லிட்டர் டேங்க், 150 பிஎஸ்ஐ நிரம்பியிருக்கிறது என்போம். பெரும்பாலான ஹார்ன்கள் 90 பிஎஸ்ஐக்குக் கீழே சோர்ந்துபோகும். ஆகவே நமக்குப் பயன்படுவது 150க்கும் 90க்கும் இடையிலுள்ள 60 பிஎஸ்ஐ மட்டும். 20 × 60 ÷ 15 = 80 லிட்டர். ஹார்ன் நொடிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்றால் 8 நொடி ஒலிக்கும். இதே ஹார்னை 8 லிட்டர் டேங்கில் மாட்டினால் 32 லிட்டர்தான் கிடைக்கும்; 3 நொடியில் முடிந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

டேங்கில் மிச்சமிருக்கும் 90 பிஎஸ்ஐ காற்று வீண் என்று பலருக்குத் தோன்றும். அது வீணில்லை, நல்ல ஒலிக்கான அடித்தளம் அதுதான். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் கணக்குப் பிழையும் இதுவே: டேங்கில் உள்ள காற்று முழுவதையும் ஹார்ன் பயன்படுத்தும் என்று எடுத்துக்கொள்வது.

அப்படியானால் டேங்கைப் பெரிதாக்காமல் அழுத்தத்தை ஏற்றினால் என்ன? ஏற்றலாம். 200 பிஎஸ்ஐ என்றால் பயன்படும் இடைவெளி 110 ஆகிறது. அதே 20 லிட்டரில் ஏறக்குறைய 147 லிட்டர் காற்று. தாளில் பார்த்தால் இரட்டிப்புக்கு நெருக்கம். ஆனால் அதற்கு டேங்க், ஹோஸ், ஃபிட்டிங், வால்வு, கேஜ் எல்லாமே 200 பிஎஸ்ஐ தாங்குபவையாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரும் அந்த உயரம் வரை சூடேறாமல் தள்ள வேண்டும். முதல் முறை மாட்டுபவருக்கு 150 பிஎஸ்ஐ, 20 லிட்டர் என்ற ஜோடியைத்தான் சொல்வேன். இடம் இருந்தால் அழுத்தத்தைக் கூட்டுவதைவிட லிட்டரைக் கூட்டுவது நிம்மதியான வழி.

டேங்க் வாங்கும்போது லிட்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அதன் துளைகள். குறைந்தது ஐந்து வேண்டும்: காற்று உள்ளே வர ஒன்று, ஹார்னுக்குப் போக ஒன்று, சேஃப்டி வால்வுக்கு ஒன்று, பிரஷர் சுவிட்ச்சுக்கு ஒன்று, அடியில் தண்ணீர் வடிக்க ஒன்று. கேஜுக்குத் தனியாக ஒன்று கிடைத்தால் இன்னும் வசதி. இல்லையென்றால் சுவிட்ச்சோடு மூன்று வாயுள்ள டீ ஃபிட்டிங் போட்டுச் சமாளிக்கலாம். ஹார்னுக்குப் போகும் துளை அரை இன்ச்சாவது இருக்க வேண்டும். எல்லாத் துளையும் கால் இன்ச் என்றால் அந்த டேங்க் எத்தனை லிட்டரானாலும் வேண்டாம். டேங்கின் மேல் அதிகபட்ச வேலை அழுத்தம் பொறித்திருக்க வேண்டும். பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் உருளை, பிவிசி பைப் இவற்றை டேங்காக மாற்றுவது உயிரோடு விளையாடுவது. பிவிசி விரிசல் விட்டுக் கசியாது, துண்டு துண்டாகச் சிதறும்.

ஹோஸும் வால்வும்

இந்த இடத்தில்தான் நல்ல அமைப்புகள் பாழாகின்றன. கால் இன்ச் உள்விட்டத்திலிருந்து அரை இன்ச்சுக்குப் போனால் விட்டம் இரண்டு மடங்கு, ஆனால் காற்று போகும் பரப்பு நான்கு மடங்கு. பரப்பு மட்டுமா, சுவரோடு உரசுவதால் வரும் இழப்பும் பல மடங்கு குறையும். டேங்கிலிருந்து ஹார்ன் வரை அரை இன்ச்சை எங்கேயும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று மீட்டர் அரை இன்ச் ஹோஸ் போட்டு, நடுவில் ஒரே ஒரு எட்டில் மூன்று இன்ச் எல்போ வைத்தால், மொத்த வழியும் அந்த எல்போவின் கழுத்தளவுதான். ஃபிட்டிங் வாங்கும்போது வெளிப்புற மரையளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கண்ணருகே பிடித்து உள்ளே வெளிச்சம் தெரியும் துளையைப் பாருங்கள். ஒரே மரையளவில் ஒன்று தாராளமாகவும் இன்னொன்று பென்சில் நுழையாத அளவிலும் இருக்கும்.

சோலனாய்டு வால்வுக்கும் இதே பேச்சு. "அரை இன்ச் வால்வு" என்பது மரையின் அளவு. உள்ளே திறக்கும் வாய் அதைவிடச் சின்னதாக இருக்கலாம். விவரத் தாளில் வாயின் மில்லிமீட்டர் அளவைத் தேடுங்கள். வால்வை ஹார்னுக்குப் பக்கத்தில் வையுங்கள். டேங்க் பக்கத்தில் வைத்தால், பட்டனை அழுத்தியதும் காற்று முதலில் நீண்ட ஹோஸை நிரப்பிவிட்டுத்தான் ஹார்னுக்கு வரும். ஒலி முனகலாகத் தொடங்கி மெல்ல ஏறும். ஹார்னருகே வைத்தால் ஹோஸ் முழுதும் எப்போதும் அழுத்தத்தில் காத்திருக்கும். தொட்டவுடன் அதிரும்.

நைலான் குழாய் பயன்படுத்துவதானால் ஏர் பிரேக்குக்கென்று வரும் எஸ்ஏஇ ஜே844 தர நைலான் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப் பொருத்தும் ஃபிட்டிங்கில் கசிவு வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் சாய்வாக வெட்டிய முனை. ஆக்ஸா பிளேடால் அறுக்காமல், குழாய் வெட்டும் கத்தரியால் நேராக வெட்டி, முட்டி நிற்கும் வரை அழுத்த வேண்டும்.

இப்போது கம்ப்ரஸர்

இங்கே பார்க்க வேண்டியவை மூன்று: எவ்வளவு காற்று தள்ளும், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும், எத்தனை ஆம்பியர் இழுக்கும்.

காற்றளவை சிஎஃப்எம் என்று போட்டிருப்பார்கள், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் 0 பிஎஸ்ஐயில் அளந்தது, அதாவது எதிர்ப்பே இல்லாத திறந்த வாயில். டேங்க் 100 பிஎஸ்ஐ தாண்டியபின் அதே கம்ப்ரஸர் பாதி அளவுக்கும் இறங்கலாம். நம் ஹார்னுக்கு வேலை நடப்பது 90க்கும் 150க்கும் இடையில்தான். அதனால் 100 பிஎஸ்ஐயில் எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அழுத்தத்திலும் எத்தனை சிஎஃப்எம், எத்தனை ஆம்பியர் என்று அட்டவணையே தருகிறார்கள். அது இல்லாத கம்ப்ரஸரை ஒதுக்கிவிடலாம்.

மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். 80 லிட்டர் காற்று செலவாகிவிட்டது. கம்ப்ரஸர் அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர், அதாவது ஒரு சிஎஃப்எம்மைவிடச் சற்று அதிகம் தருகிறது என்றால், 80 ÷ 30, கிட்டத்தட்ட 2 நிமிடம் 40 நொடியில் டேங்க் மறுபடி 150ஐத் தொடும். முழுக்கக் காலியான டேங்கை நிரப்ப 200 லிட்டர் வேண்டும். ஆறேழு நிமிடம் ஆகும். எப்போதாவது ஒருமுறை ஊதுபவருக்கு இது தாராளம்.

அடுத்தது ட்யூட்டி சைக்கிள். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கித்தான் நிறைய கம்ப்ரஸர்கள் கருகுகின்றன. ஓடிய நேரத்தை, ஓடியதும் ஓய்ந்ததும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது ட்யூட்டி சைக்கிள். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஓய வேண்டும். 100 சதவீதம் என்றால் இடைவிடாமல் ஓடலாம். ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வழக்கமாக 100 பிஎஸ்ஐ அழுத்தத்திலும் 22 டிகிரி செல்சியஸ் சுற்றுச்சூழலிலும் அளந்த எண் அது. அழுத்தம் ஏற ஏற, வெயில் ஏற ஏற, சதவீதம் இறங்கும். 100 பிஎஸ்ஐயில் 100 சதவீதம் ஓடும் கம்ப்ரஸரை 200 பிஎஸ்ஐக்கு ஓட்டினால் அது பாதியாகவும் ஆகலாம்.

ஏன் ஓய்வு? டிரக்கில் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர்கள் பெரும்பாலும் எண்ணெய் இல்லாத பிஸ்டன் ரகம். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் உலர்வாகவே சிலிண்டரில் உரசி ஓடுகிறது. எண்ணெய் இல்லாததால் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஹார்னுக்கு எண்ணெய்ப்படலமும் போகாது. அதற்கு விலை வெப்பம். சூடு மிஞ்சினால் வளையம் தேயும், சிலிண்டர் கோடு விழும். அப்புறம் கம்ப்ரஸர் ஓடும், சத்தம் வரும், அழுத்தம் மட்டும் 110ஐத் தாண்டாது. டேங்க் நிரம்பாததால் சுவிட்ச் அணையாது. அணையாததால் இன்னும் சூடு. உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பு சிறிது நேரம் நிறுத்தி வைக்கும், ஆறியதும் மறுபடி ஓடவிடும். "தானாக நின்று தானாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஹார்ன் மட்டும்தான், டேங்க் 20 லிட்டருக்குள், அடிக்கடி ஊதப்போவதில்லை என்றால் 33 சதவீதக் கம்ப்ரஸர் போதும்: காலியிலிருந்து நிரப்ப ஏழு நிமிடம், அதற்குப்பின் இரண்டு மூன்று நிமிட ஓட்டங்கள். அதே அமைப்பில் டிரக் டயர்களுக்கும் காற்றடிக்க நினைத்தால் 100 சதவீதத்துக்குக் குறைந்தது வேண்டாம். பெரிய டயர் ஒன்று மட்டுமே சின்னக் கம்ப்ரஸரின் ஓட்ட நேரத்தைத் தின்றுவிடும். நான்காவது டயருக்குள் கம்ப்ரஸர் கொதித்திருக்கும். 40 லிட்டர் டேங்குக்கும் 100 சதவீதம்தான் சரி, அல்லது இரண்டு கம்ப்ரஸர். இரண்டு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்), தனி ஃப்யூஸ்.

பிரஷர் சுவிட்ச்சும் சேஃப்டி வால்வும்

பிரஷர் சுவிட்ச்சில் இரண்டு எண் இருக்கும். 110/145 என்றால், 110க்கு இறங்கியதும் கம்ப்ரஸரை ஓடவிடும், 145 தொட்டதும் நிறுத்தும். 90/120, 120/150, 165/200 ரகங்களும் உண்டு. மேல் எண் டேங்க், கம்ப்ரஸர் இரண்டும் தாங்கும் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். கீழ் எண்ணை மறந்துவிடுகிறார்கள். 110/145 சுவிட்ச் வைத்திருந்தால், நீங்கள் ஊதப்போகும் கணத்தில் டேங்க் 112இல் நிற்கலாம். கம்ப்ரஸர் இன்னும் விழித்திருக்காது. அப்போது கிடைப்பது 22 பிஎஸ்ஐ இடைவெளி, 20 லிட்டர் டேங்கில் 3 நொடிக்கும் குறைவு. "சில நாள் நன்றாக ஊதுகிறது, சில நாள் இல்லை" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. 120/150 வைத்தால் மோசமான நிலையிலும் 4 நொடி கையில் இருக்கும்.

சுவிட்ச்சை டேங்கிலேயே பொருத்துங்கள். கம்ப்ரஸருக்கும் செக் வால்வுக்கும் இடையே பொருத்தினால், அங்கே அழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதால் கம்ப்ரஸர் விட்டுவிட்டுத் துடிக்கும்.

சேஃப்டி வால்வு, சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் நிற்காமல் போனால் காப்பாற்றும் கடைசிக் காவல். 150 பிஎஸ்ஐ அமைப்புக்கு 175 பிஎஸ்ஐ வால்வு பொதுவானது, டேங்க் அந்த அளவுக்குத் தாங்கும் என்றால். டேங்கின் வேலை அழுத்தமே 150 என்றால் வால்வும் 150, சுவிட்ச் 90/120 அல்லது 110/145. சேஃப்டி வால்வின் துளையை அடைத்துவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டுவதை மன்னிக்கவே முடியாது.

செக் வால்வைக் கிட்டத்தில் பார்த்தால்

விரல் நுனி அளவுப் பித்தளைத் துண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன அடைப்பான். கம்ப்ரஸர் தள்ளும்போது அடைப்பான் விலகிக் காற்றை டேங்குக்குள் விடுகிறது. நின்றதும் டேங்கின் காற்றே அதை மூடிவிடுகிறது. இது பழுதானால் டேங்கின் 145 பிஎஸ்ஐயும் திரும்பி வந்து பிஸ்டனின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை மோட்டார் கிளம்பும்போது நிறைந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முயன்று, "ம்ம்" என்று முனகி, ஃப்யூஸைக் கொண்டுபோய்விடும். டேங்க் காலியாக இருக்கும்போது ஓடுகிற கம்ப்ரஸர் டேங்க் நிரம்பியபின் கிளம்ப மறுத்தால் செக் வால்வைக் கழற்றிப் பாருங்கள். டேங்கிலிருந்து காற்று கசிகிறது, ஆனால் சோப்பு நுரையில் எங்கும் குமிழி வரவில்லை என்றாலும் குற்றவாளி இதுதான். கம்ப்ரஸரின் ஏர் ஃபில்டர் வாயில் காதை வைத்தால் மெல்லிய சீறல் கேட்கும்.

உலோகப் பின்னல் ஹோஸை "நீளம் போதவில்லை" என்று கழற்றிவிட்டு நைலான் குழாய் மாட்டக் கூடாது. கம்ப்ரஸரை விட்டு வெளிவரும் காற்று கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். நைலான் இளகிப் பிய்த்துக்கொள்ளும். நீளம் வேண்டுமானால் பின்னல் ஹோஸின் முடிவிலிருந்து நீட்டுங்கள்.

மின்சாரம்

25 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸர் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்போம். போக வர 8 மீட்டர் செம்பு ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.6 வோல்ட்டுக்குள். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகும், நிரம்பும் நேரம் நீளும், மோட்டார் சூடேறும். 6க்குக் குறையாமல் போடுங்கள். தூரம் இன்னும் அதிகம் என்றால் 10. எர்த் ஒயரையும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்க வேண்டும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் கம்ப்ரஸர்தான். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்த ஒன்று சீக்கிரம் சாகும்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். கம்ப்ரஸரின் அதிகபட்ச ஆம்பியரைவிடக் கொஞ்சம் கூட, ஒயர் தாங்கும் அளவைவிடக் குறைய: 25க்கு 30 அல்லது 35. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃப்யூஸ் மாட்டுவது, எரிய வேண்டியதை ஃப்யூஸிலிருந்து ஒயருக்கு மாற்றுவதாகும்.

பிரஷர் சுவிட்ச் வழியாக நேரடியாக 25 ஆம்பியர் ஓட்டினால் அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே வையுங்கள். ரிலேயின் 30ஆம் கால் ஃப்யூஸ் வழியே பேட்டரிக்கு, 87 கம்ப்ரஸருக்கு, 85 எர்த்துக்கு. 86க்கு வரும் ஒயர், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து கிளம்பி, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அதன்பின் பிரஷர் சுவிட்ச் என்று தாண்டி வர வேண்டும். சாவியோடு சேர்க்காவிட்டால், சின்னக் கசிவு ஒன்று இருந்தாலே கம்ப்ரஸர் இரவெல்லாம் எழுந்து எழுந்து ஓடி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எங்கே மாட்டுவது

எஞ்சின் அறை வேண்டாம். அங்கே கம்ப்ரஸர் உறிஞ்சுவதே சூடான காற்று. ட்யூட்டி சைக்கிள் கணக்கெல்லாம் அடிபடும். சைலன்சர் பைப்பிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி, சேஸிஸ் சட்டத்தின் உட்பக்கம், சக்கரம் வாரியடிக்கும் சேறு படாத இடம் நல்லது. நீர்படும் இடம் தவிர வேறு வழியில்லை என்றால் கம்ப்ரஸரைக் கீழே வைத்து, ஏர் ஃபில்டரை மட்டும் ஒரு குழாயால் மேலே உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரை உறிஞ்சினால் கம்ப்ரஸர் அங்கேயே முடிந்தது. ரப்பர் புஷ் போட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் கேபினுக்குள் உறுமல் கேட்கும். சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது, வளைவு விசை அதிகமாக அங்கேதான் உட்காருகிறது. ஏற்கெனவே இருக்கும் துளையோ கிளாம்போ பயன்படுத்துங்கள்.

ஹார்னின் வாய் சற்றே கீழ் நோக்கி இருக்கட்டும், மழைநீர் தங்காது. மேல்நோக்கி வைத்த குழலில் தண்ணீரும் தூசியும் சேர்ந்து டயாஃப்ரம் ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு குழல் மட்டும் ஊமையாகிவிடும்.

ஏர் பிரேக் உள்ள கனரக டிரக்குகள்

"வண்டியிலேயே கம்ப்ரஸரும் டேங்கும் இருக்கிறதே, அதிலிருந்தே எடுத்துவிடலாமே?" நியாயமான கேள்வி. எஞ்சினோடு ஓடும் அந்தக் கம்ப்ரஸர் 12 வோல்ட் கம்ப்ரஸரைவிடப் பல மடங்கு வலுவானது. பொதுவாக 100 பிஎஸ்ஐ சுமாரில் ஏற்றத் தொடங்கி 125 சுமாரில் நிறுத்தும். ஆனால் அந்தக் காற்று பிரேக்கின் காற்று. அமெரிக்க முறை டிரக்குகளில் அழுத்தம் 60 பிஎஸ்ஐயை நெருங்கி இறங்கும்போதே எச்சரிக்கை வரும். 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் போகும்போது ஹார்ன் ஹோஸ் ஒன்று பிய்த்துக்கொண்டு பிரேக் டேங்கையே காலி செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரேக் டேங்கின் துளையில் நேராக ஹார்ன் லைன் மாட்டக் கூடாது. பிரேக் அல்லாத உபகரணங்களுக்கான லைனிலிருந்து, பிரஷர் புரொடெக்ஷன் வால்வு ஒன்றைத் தாண்டி, தனி ஹார்ன் டேங்குக்குக் காற்று வர வேண்டும். பிரேக் பக்கத்து அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த வால்வு மூடிக்கொண்டு ஹார்னைத் துண்டித்துவிடும். கூடவே ஒரு செக் வால்வும் வேண்டும். இந்த வேலையை ஏர் பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். முழுக்கத் தனியாக ஒரு மின்சாரக் கம்ப்ரஸர் வைப்பது அதைவிட நிம்மதி.

கசிவு தேடுதல்

மரைகளில் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று, மரை இறுகும் திசையில், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முதல் மரையிலும் சுற்றினால் டேப்பின் நார் பிய்ந்து காற்றோடு போய் சோலனாய்டு வால்வின் வாயில் சிக்கும். வால்வு மூடாது, பட்டனை விட்டபின்னும் டேங்க் தீரும்வரை ஹார்ன் அலறும். இதற்காகவே டேங்கை ஒட்டிக் கையால் மூடும் பந்து வால்வு ஒன்று வைப்பதை எப்போதும் சொல்வேன், முழுத் துளை திறக்கும் ரகமாக.

எல்லாம் பூட்டியபின் 145க்கு ஏற்றி, சுவிட்ச்சை அணைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இரவு முழுதும் விட்டுக் காலையில் கேஜைப் பாருங்கள். ஏற்றிய கையோடு காற்று சூடாக இருந்து பிறகு ஆறுவதால் சில பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் கசிவுதான்.

முதல் முறை ஊதும்போது வண்டியின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, காதுக்கவசம் இல்லாமல் நீங்களும் நிற்கக் கூடாது. அமெரிக்க ரயில் எஞ்சின் ஹார்ன்களுக்கான விதி, 100 அடி தூரத்தில் 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும் என்கிறது. தூரம் பாதியாகும்போது ஒலி 6 டெசிபல் ஏறும் என்பதால், 110 டெசிபல் ஹார்ன் ஒரு மீட்டர் தூரத்தில் 140ஐ எட்டும். ஒரே ஊதலில் செவியைக் கெடுக்க அது போதும். பெட்டியில் "150 டெசிபல்" என்று போட்டு எத்தனை அடியில் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பொதுச் சாலையில் இத்தகைய ஹார்னைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. வண்டியோடு வந்த ஹார்னைக் கழற்றாமல் ஸ்டீயரிங் பட்டனிலேயே விட்டுவைத்து, டிரெயின் ஹார்னுக்குத் தனிப் பட்டனும் அதைத் துண்டிக்கத் தனி சுவிட்ச்சும் வையுங்கள். சைக்கிளில் போகும் ஒருவருக்குப் பின்னால் இதை ஊதுவது அவரைக் கீழே தள்ளுவதற்குச் சமம்.

பராமரிப்பு அதிகமில்லை. ஏர் ஃபில்டரைத் தூசிக்கேற்ப மாற்றுங்கள். மற்றது டிரெயின் காக். அழுத்திய காற்று ஆறும்போது அதிலிருந்த ஈரம் நீராகி டேங்கின் அடியில் சேர்கிறது. இரும்பு டேங்கை உள்ளிருந்து அரிப்பது அதுதான். மாதம் ஒருமுறை, ஈரக்காற்று நாட்களில் வாரம் ஒருமுறை, டேங்கில் 20 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று மிச்சம் வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு டிரெயின் காக்கின் பிடியைக் கால் சுற்று திருப்புங்கள். முதலில் தண்ணீர் தெறிக்கும், பிறகு நுரை, பிறகு வெறும் காற்று. வரும் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவோ லேசாக மங்கியோ இருந்தால் மூடிவிட்டுப் போகலாம். செந்நிறமாக, விரலில் தேய்த்தால் மணல்போல் துகள் நெருடினால் டேங்கின் சுவர் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த டேங்கில் மறுபடி அழுத்தம் ஏற்றாதீர்கள், மாற்றுங்கள்.